ஆங்கிலம் தொலைத்த ‘நீ’

1603 நவம்பரில் இங்கிலாந்தின் வின்செஸ்டர் நகரில் வால்டர் ராலே மீதான ராஜத்துரோக வழக்கு நடந்தது. லண்டனில் கொள்ளைநோய் பரவியிருந்ததால் நீதிமன்றம் அங்கே கூடியது. ராலே எலிசபெத் அரசியின் அன்புக்குரியவராக இருந்தவர். கடலோடி, போர்வீரர், கவிஞர். அரசுத் தரப்பில் வாதாடிய எட்வர்ட் கோக்கிடம் வலுவான சாட்சியம் அதிகம் இல்லை. அந்தக் குறையை வசவால் நிரப்பினார். ஒரு கட்டத்தில் ராலேயை ‘தௌ’ என்று விளித்தார். அதோடு நிற்காமல், உன்னைத் ‘தௌ’ என்றே கூப்பிடுகிறேன், துரோகியே என்று அந்தச் சொல்லையே வினையாக்கி முகத்தில் அறைந்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் யாருக்கும் அதற்கு உரை தேவைப்படவில்லை. பதவியும் பட்டமும் பெற்ற ஒருவரை ஊரறிய ‘டேய், உன்னைத்தான்’ என்றால் நமக்கு எப்படி இருக்குமோ அப்படித்தான் அவர்களுக்கும் இருந்தது.

இன்று அந்தச் சொல் ஆங்கிலேயர் காதிலேயே அப்படி விழுவதில்லை. அவர்களுக்கு அது தேவாலயத்தையும் பழங்காவியத்தையும் நினைவூட்டும் கம்பீரமான சொல். நம்மூர் வாசகர்களிடமும் அதே எண்ணம் பரவலாக உண்டு. ஷேக்ஸ்பியரைப் பாடமாகப் படித்தவர்களும், பழைய ஆங்கில பைபிளைப் புரட்டியவர்களும், ‘தௌ’ என்றால் ‘தாங்கள்’ என்பதுபோல் ஓர் உயர்வுச் சொல் என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறார்கள். இது முற்றிலும் தலைகீழான புரிதல். ‘தௌ’ என்பது ‘நீ’. ‘யூ’ என்பதுதான் ‘நீங்கள்’. ஆங்கிலம் தொலைத்தது மரியாதைச் சொல்லை அல்ல. மரியாதை கலவாத அந்த நெருக்கமான, சமயத்தில் சுடுகிற ஒருமையைத்தான்.

இலக்கணத்தை முதலில் பார்த்துவிடலாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் ஒலி ‘தூ’. லத்தீனின் ‘தூ’, ஜெர்மனின் ‘டூ’, சமஸ்கிருதத்தின் ‘த்வம்’, இந்தியின் ‘தூ’ எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை. எதிரில் ஒருவர் இருந்தால் இந்தச் சொல். பலர் இருந்தால் ‘யீ’. இருவரை மட்டும் குறிக்கத் தனியாக ஓர் இருமைச் சொல்லும் இருந்து, பிறகு வழக்கொழிந்தது. அரசனாக இருந்தாலும் ஆடு மேய்ப்பவனாக இருந்தாலும் ஒருவர் ஒருவர்தான்; ஒருமைதான். தமிழுக்கு இது புதிதல்ல. தொல்காப்பியம் முன்னிலைப் பெயர்களாக ‘நீ’, ‘நீயிர்’ என்று ஒருமையையும் பன்மையையும்தான் சொல்கிறது. புறநானூற்றுப் புலவர்கள் வேந்தர்களை முகத்துக்கு நேரே ‘நீ’ என்றும் ‘நின்’ என்றும் பாடுகிறார்கள். அதை யாரும் அவமதிப்பாகக் கொள்ளவில்லை.

சொல் வேற்றுமைக்கு ஏற்ப உருமாறியது. எழுவாயாக வந்தால் ‘தௌ’. ‘உன்னை’, ‘உனக்கு’ என்ற இடங்களில் ‘தீ’. ‘உன்’ என்பதற்கு ‘தை’. அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கினால் ‘தைன்’. பன்மையில் ‘யீ’ எழுவாய். ‘யூ’ என்பது ‘உங்களை’ என்ற இடத்தில் மட்டும் வந்தது. இன்றைய ஆங்கிலத்தின் ‘யூ’ உண்மையில் ஒரு வேற்றுமை வடிவம்; எழுவாயின் இடத்தைப் பின்னாளில் பிடித்துக்கொண்டது. வினையும் எழுவாயோடு சேர்ந்து மாறும். தமிழில் ‘நீ’ வந்தால் ‘வந்தாய்’ என்று ‘ஆய்’ விகுதி வருவதுபோல், ‘தௌ’ வந்தால் வினையின் கடைசியில் ‘எஸ்ட்’ சேரும். ‘எத்’ என்ற விகுதி ‘அவன்’, ‘அவள்’ என்ற படர்க்கைக்கு உரியது. பழைய வாடை வர வேண்டும் என்று எல்லா வினையிலும் ‘எத்’ ஒட்டும் இன்றைய படங்களும் விளம்பரங்களும் ‘நீ வந்தான்’ என்று எழுதுகின்றன.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிட வேண்டும். பழமை காட்ட விரும்பும் ஆங்கிலக் கடைப்பலகைகளில் ‘யீ ஓல்டு’ என்று தொடங்கும் பெயர்களைப் பார்க்கலாம். அந்த ‘யீ’ நாம் பேசும் முன்னிலைச் சொல் அல்ல. பழைய ஆங்கிலத்தில் ‘த’ ஒலிக்கு ‘தோர்ன்’ என்றொரு தனி எழுத்து இருந்தது. கையெழுத்தில் அது காலப்போக்கில் ‘ஒய்’ போலவே தோற்றம் கொண்டது. ஐரோப்பாவிலிருந்து வந்த அச்செழுத்துகளில் தோர்ன் இல்லாததால் அச்சுக்காரர்களும் ‘ஒய்’யையே கோத்தார்கள். அது சாதாரண சுட்டுச் சொல்லான ‘தி’. வாசிக்க வேண்டியதும் அப்படித்தான்.

பன்மை எப்படி மரியாதையானது? ரோமப் பேரரசின் பிற்காலத்தில் பேரரசரை லத்தீன் பன்மையில் விளிக்கும் வழக்கம் தோன்றியது. ஐரோப்பிய மொழிகள் பலவற்றுக்கு அது பரவியது. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரசவையின் மொழி பிரெஞ்சு. மேலோரைப் பன்மையில் அழைக்கும் பிரெஞ்சுப் பழக்கம் 13-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்குள் இறங்கியது. மேலிருப்பவர் கீழிருப்பவரைத் ‘தௌ’ என்றார். கீழிருப்பவர் மேலிருப்பவரை ‘யூ’ என்றார். மேல்தட்டினர் தங்களுக்குள் ‘யூ’. ஏழை எளியோர் தங்களுக்குள் ‘தௌ’. ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் என்ற இரு அறிஞர்கள் 1960-இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய சொல் இணைகளை இயக்குவன அதிகாரமும் தோழமையும்தான் என்று காட்டியது. சமூக மொழியியலில் இன்றும் எல்லோரும் அங்கிருந்தே தொடங்குகிறார்கள். தமிழ் இதே பாதையில் தானே நடந்தது. பன்மைக்குரிய ‘நீயிர்’ ‘நீர்’ ஆகி, ஒருவரைக் குறிக்கும் மரியாதைச் சொல்லாகி, அதற்கும் மேலே ‘நீங்கள்’ வந்து உட்கார்ந்தது. யாழ்ப்பாணத்திலும் நெல்லையிலும் ‘நீர்’ இன்னும் நடுப்படியாக உயிரோடு இருக்கிறது.

இந்த இரட்டை வழக்கின் உச்சத்தைக் காண ஷேக்ஸ்பியரிடம்தான் போக வேண்டும். அவருடைய காலத்தில் விதிகள் இறுகியும் இருக்கவில்லை, கரைந்தும் போகவில்லை. ஒரே உரையாடலுக்குள் பாத்திரங்கள் ஒரு சொல்லிலிருந்து மற்றதற்குத் தாவுகின்றன. தாவும் இடத்தில் மனம் மாறுகிறது.

‘கிங் லியர்’ நாடகத்தின் முதல் காட்சியில் மகள் கார்டீலியாவை லியர் கைகழுவும்போது, அரசனுக்கு விசுவாசமான கென்ட் பிரபு குறுக்கே புகுகிறார். முதலில் முறைப்படி பேசுகிறார். லியர் செவிசாய்க்காதபோது, கிழவனே என்று விளித்து, அரசனைத் ‘தௌ’ என்கிறார். ஒரு பிரபு முடிசூடிய மன்னனை அவையில் வைத்து ‘நீ என்ன செய்யத் துணிந்தாய்’ என்று ஒருமையில் கேட்கிறார். கென்ட் நாடு கடத்தப்படுவதற்கு அவர் சொன்ன கருத்து ஒரு காரணம் என்றால், சொன்ன விதம் இன்னொரு காரணம். இன்றைய பார்வையாளர் முதலாவதை மட்டும் கேட்கிறார்.

ஹாம்லெட் தாயின் அறைக்குள் வரும் காட்சி இன்னும் நுட்பமானது. உன் தந்தையை நீ மிகவும் புண்படுத்திவிட்டாய் என்று தாய் ‘தௌ’ போட்டுத் தொடங்குகிறாள். தாய் மகனிடம் பேசும் இயல்பான ஒருமை அது. அவள் சொல்லும் தந்தை, அவளுடைய புதுக் கணவன் கிளாடியஸ். மகன் அதே வாக்கியத்தைத் திருப்பி வீசுகிறான்: என் தந்தையை நீங்கள்தான் புண்படுத்திவிட்டீர்கள். ‘யூ’. மரியாதைப் பன்மைதான், ஆனால் அதைக் கொண்டு தாய்க்கும் தனக்கும் நடுவே ஒரு சுவரை எழுப்புகிறான். கோபித்துக்கொண்ட பிள்ளை அம்மாவை வேண்டுமென்றே ‘நீங்க’ என்று சொல்லும் வீடுகளில் வளர்ந்த நமக்கு அந்தக் குளிர் உடனே உறைக்கும்.

எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் படுவது ‘நான்காம் ஹென்றி’ இரண்டாம் பாகத்தின் இறுதி. குடித்தும் கூத்தடித்தும் கூட இருந்த இளவரசன் ஹால் இப்போது ஐந்தாம் ஹென்றியாக முடிசூடி வீதியில் வருகிறான். கிழத் தோழன் ஃபால்ஸ்டாஃப் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து ஹால் என்றும் செல்லப் பிள்ளை என்றும் கூவுகிறான். வாய் நிறையத் ‘தௌ’. பழைய விடுதி நாள்களின் ஒருமை. அரசன் பதில் சொல்கிறான்: உன்னை எனக்குத் தெரியாது. அவனும் ‘தௌ’தான் போடுகிறான். ஃபால்ஸ்டாஃப் வாயில் அந்தச் சொல் அணைப்பு. அரசன் வாயில் அதுவே தள்ளுதல். அரியணையிலிருந்து ஒரு குடிமகனை நோக்கி இறங்கும் ஒருமை. இரண்டு பேரும் ஒரே சொல்லைச் சொல்லியும் அவர்களுக்கிடையே இருந்த எல்லாம் முறிந்துவிடுகிறது. ‘தௌ’வின் இரு முகங்களை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் ஆங்கில நாடகத்தில் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அவமதிப்புக்கான பயன்பாட்டை ஷேக்ஸ்பியர் நேரடியாகவே பேசுவதும் உண்டு. ‘பன்னிரண்டாம் இரவு’ நாடகத்தில் சண்டைக்கு அழைக்கும் கடிதம் எழுதத் தெரியாமல் விழிக்கும் சர் ஆண்ட்ரூவுக்கு, எதிராளியை மூன்று முறை ‘தௌ’ போட்டால் தப்பில்லை என்று சர் டோபி யோசனை சொல்கிறார். ராலே வழக்கில் கோக் பேசியதைக் குத்திக்காட்டும் இடம் இது என்று எழுதியவர்கள் உண்டு. தேதி அதற்கு இடம் கொடுக்கவில்லை. சட்ட மாணவர் ஜான் மேனிங்ஹாம் இந்த நாடகத்தை 1602 பிப்ரவரியிலேயே லண்டன் மிடில் டெம்பிளில் பார்த்ததாக நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். வழக்கு நடந்தது அடுத்த ஆண்டு. கோக்குக்கு முன்பே ஊர் முழுக்க அறிந்திருந்த ஆயுதம் அது என்பதுதான் இதிலிருந்து தெரிகிறது.

அப்படியானால் பைபிளில் கடவுளை ஏன் ‘தௌ’ என்கிறார்கள்? இங்கேதான் பெரும் தவறான புரிதல் பிறக்கிறது. 1526-இல் புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்திலிருந்து ஆங்கிலத்தில் அச்சிட்ட வில்லியம் டிண்டேல் ஒரு எளிய நெறியைப் பின்பற்றினார்: மூலத்தில் ஒருமை என்றால் ‘தௌ’, பன்மை என்றால் ‘யீ’. எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் முன்னிலையில் ஒருமை–பன்மை வேறுபாடு உண்டு. மரியாதைப் பன்மை கிடையாது. டிண்டேலைக் கழுத்தை நெரித்து எரித்தது 1536-இல். அவருடைய மொழிநடையைப் பெருமளவு தாங்கி வந்தது 1611-இன் ஜேம்ஸ் மன்னர் பைபிள். அதில் கடவுளும் ‘தௌ’, சாத்தானும் ‘தௌ’, பேதுருவும் ‘தௌ’. பத்துக் கட்டளைகளும் ‘தௌ’ என்றே ஒவ்வொரு தனி மனிதரையும் நோக்கிப் பேசுகின்றன. அங்கே பக்தியின் சாயலே இல்லை, எண் கணக்கு மட்டும்தான்.

அந்தக் கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு லூக்கா 22-ஆம் அதிகாரம் சாட்சி. இயேசு சீமோன் பேதுருவிடம், சாத்தான் கோதுமையைப் போல் புடைக்கக் கேட்டிருக்கிறான் என்று சொல்லும் இடத்தில் ‘உங்களை’ என்கிறார். அடுத்த வரியில் ‘உனக்காக’ வேண்டிக்கொண்டேன் என்கிறார். சோதனை சீடர் அனைவருக்கும், வேண்டுதல் பேதுருவுக்கு. 1611-இன் பைபிள் இதை ‘யூ’, ‘தீ’ என்று துல்லியமாகப் பிரித்துக் காட்டுகிறது. தமிழ் வேதாகமமும் காட்டுகிறது. இரண்டு இடத்திலும் ‘யூ’ என்றே எழுத வேண்டிய இன்றைய ஆங்கில மொழிபெயர்ப்புகள் அடிக்குறிப்பைத் தேடி ஓடுகின்றன.

தமிழ் வேதாகமம் வேறொரு முடிவையும் எடுத்தது. கடவுளை நோக்கிப் பேசும்போது ‘நீர்’, ‘உம்முடைய’ என்ற மரியாதை வடிவத்தைக் கைக்கொண்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்த தமிழர்கள், ‘உம்முடைய’ இருக்குமிடத்தில் ஆங்கிலத்தில் ‘தை’ இருப்பதைக் கண்டு இரண்டும் ஒரே படி என்று முடிவுகட்டியதில் வியப்பில்லை. ‘தௌ’வுக்கு உண்மையில் அருகில் இருப்பது தேவாரமும் திருவாசகமும் இறைவனை அழைக்கும் ‘நீ’.

‘தௌ’வுக்காக அடியும் சிறையும் வாங்கியவர்கள் குவேக்கர்கள். 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜார்ஜ் ஃபாக்ஸ் தொடங்கிவைத்த இந்த நண்பர் சங்கத்தார், எந்த மனிதருக்கும் தொப்பியைக் கழற்ற மாட்டோம், எவரையும் பன்மையில் அழைக்க மாட்டோம் என்று உறுதி பூண்டார்கள். நீதிபதியும் ‘தௌ’, பிரபுவும் ‘தௌ’. அவர்களுடைய வாதம் கூர்மையானது. ஒருவரை ஒருவர் என்று சொல்வது உண்மை, பலர் என்று சொல்வது பொய். அதுவும் முகஸ்துதிக்காகச் சொன்ன பொய். கடவுளுக்கே செபத்தில் ஒருமை போதும் என்கிறபோது, பன்மை கேட்கும் மனிதன் கடவுளுக்கும் மேலே தன்னை வைக்கிறான். 1660-இல் ஃபாக்ஸும் அவருடைய நண்பர்கள் இருவரும் சேர்ந்து, பல மொழிகளில் ஒருமை–பன்மை வேறுபாட்டை எடுத்துக்காட்டி, படித்த பெருமக்களுக்குப் பாலபாடம் கற்பிப்பதாக ஒரு தடித்த நூலையே வெளியிட்டார்கள். ஒரு பிரதிப்பெயருக்காக அத்தனை மொழிகளின் இலக்கணத்தைத் திரட்டிய அவர்களுடைய தீவிரத்தை நினைத்தால் மனம் நெகிழ்கிறது.

அதற்கு அவர்கள் கொடுத்த விலை கற்பனையல்ல. ஆக்ஸ்ஃபோர்டு வட்டாரத்தைச் சேர்ந்த தாமஸ் எல்வுட் இருபதை ஒட்டிய வயதில் குவேக்கரானார். பின்னாளில் பார்வையிழந்த மில்டனுக்கு லத்தீன் நூல்களைப் படித்துக் காட்டியவர் இவர். அவருடைய தன்வரலாறு, சொந்தத் தந்தையோடு நடந்த போரைப் பதிவு செய்கிறது. மகன் தொப்பியைக் கழற்றாதபோது அடி விழுந்தது. தொப்பிகள் ஒவ்வொன்றாகப் பறிக்கப்பட்டன. தந்தையைத் ‘தௌ’ என்றபோது, இன்னொரு முறை அப்படிச் சொன்னால் பல்லை உடைப்பேன் என்ற மிரட்டல் வந்தது. மகனுக்கு அது வேதத்தின் மொழி; தந்தைக்கோ வேலைக்காரனை அழைக்கும் மொழி. விசித்திரமாக, ‘தௌ’வைக் காக்கப் போராடியவர்களே அதன் இலக்கணத்தை மாற்றினார்கள். பிற்கால அமெரிக்கக் குவேக்கர் வீடுகளில் எழுவாயாகவும் ‘தீ’யையே வைத்து, அதோடு படர்க்கை வினையைச் சேர்த்துப் பேசினார்கள்.

ஊர் அவர்கள் பக்கம் போகவில்லை. 1700 வாக்கில் தென் இங்கிலாந்தின் நாகரிகப் பேச்சிலிருந்து ‘தௌ’ ஏறக்குறைய மறைந்துவிட்டது. குவேக்கர்களின் சொல் என்ற முத்திரை அதை விரட்டியிருக்கலாம் என்பார்கள். அது பக்கக் காரணமாக இருக்கலாம்; சரிவு அவர்களுக்கு முன்பே தொடங்கியிருந்தது. 16-ஆம் நூற்றாண்டு தர்ஹாம் தேவாலய நீதிமன்ற வாக்குமூலங்களைப் பார்த்த ஆய்வாளர்கள், சாதாரணப் பேச்சில் ‘யூ’ ஏற்கெனவே பொதுச்சொல்லாகிவிட்டதையும், ‘தௌ’ சண்டையிலும் கோபத்திலும் தலைகாட்டுவதையும் கண்டார்கள். லண்டன் பெருத்தது, முன்பின் தெரியாதவர்கள் தினமும் எதிர்ப்பட்டார்கள். பணம் வந்த வணிகனின் உடையைப் பார்த்து அவன் படிநிலையைச் சொல்ல முடியவில்லை. தகாதவருக்கு ‘யூ’ போட்டால் நட்டம் ஒன்றுமில்லை. ‘யூ’வுக்குத் தகுந்தவருக்குத் ‘தௌ’ போட்டால் வாள் உருவப்படலாம். எல்லோரும் பாதுகாப்பான சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். முதலில் அந்நியருக்கு, பிறகு அண்டைவீட்டாருக்கு, கடைசியில் மனைவிக்கும் குழந்தைக்கும்.

சமத்துவம் வந்ததால் ஆங்கிலம் ஒரே சொல்லுக்கு வந்தது என்று சிலர் பெருமையாகச் சொல்வதை நான் ஏற்கவில்லை. சமத்துவத்தை நாடிய சமூகங்கள் எதிர்ப்பக்கமாகப் போயிருக்கின்றன. 1793-இல் பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் எல்லோரையும் ஒருமையில் அழைக்கச் சொன்னார்கள். சுவீடனில் 1967-இல் மருத்துவத் துறைத் தலைவராகப் பொறுப்பேற்ற புரோர் ரெக்செட், ஊழியர்கள் அனைவரையும் ‘டூ’ என்றே அழைக்கப்போவதாக அறிவித்தார். சில ஆண்டுகளில் நாடே அந்த ஒருமைக்கு மாறியது. குவேக்கர்கள் கேட்டதும் அதுதான். ஆங்கிலம் எல்லோரையும் ‘நீங்கள்’ ஆக்கிவிட்டது. எல்லோருக்கும் மரியாதை கிடைத்தது. யாருக்கும் நெருக்கம் கிடைக்கவில்லை.

இழப்பை மொழியே உணர்ந்தது. 18-ஆம் நூற்றாண்டில் படித்தவர்களும் ஒருவரிடம் பேசும்போது ‘யூ வாஸ்’ என்றும், பலரிடம் ‘யூ வேர்’ என்றும் சொன்னார்கள். தொலைந்த எண்ணை வினையின் வழியாக மீட்கும் முயற்சி அது. 1762-இல் வெளிவந்த ராபர்ட் லோத்தின் இலக்கண நூல் அதைப் பிழை என்று கண்டித்தது, பள்ளிக்கூடங்கள் அதையே பிடித்துக்கொண்டன. ஆனாலும் தேவை அடங்கவில்லை. அமெரிக்கத் தெற்கில் ‘யால்’, அயர்லாந்திலும் லிவர்பூலிலும் ‘யூஸ்’, பிட்ஸ்பர்க்கில் ‘யின்ஸ்’ என்று மக்கள் புதுப் பன்மைகளைச் செய்துகொண்டே இருக்கிறார்கள். வட இங்கிலாந்தில் மூலச் சொல்லே சாகவில்லை. யார்க்‌ஷயரின் ‘தா’ அதே ‘தௌ’தான். ஷெஃபீல்டுக்காரர்கள் அதை ‘டா’, ‘டீ’ என்று சொல்வதால் பக்கத்து ஊரார் அவர்களுக்கு ‘டீடா’ என்றே பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். பார்ன்ஸ்லியின் சுரங்க வட்டாரத்தில் நடக்கும் 1969-ஆம் ஆண்டுப் படம் ‘கெஸ்’ஸில் அண்ணன் தம்பி பேச்சில் இதைக் கேட்கலாம்.

எழுத்து மொழியிலோ, தேவாலயத்துக்குள் மட்டும் ஒதுங்கிய சொல்லுக்குத் தேவாலயத்தின் நிறமே ஏறியது. 1952-இல் முழுமையாக வெளிவந்த திருத்திய பைபிள், மனிதர்களை ‘யூ’ ஆக்கிவிட்டுக் கடவுளுக்கு மட்டும் ‘தௌ’வை வைத்துக்கொண்டது. டிண்டேல் கேட்டிருந்தால் திகைத்திருப்பார். எண்ணைக் காட்டும் சொல் பக்தியைக் காட்டும் சொல்லாகிவிட்டது. 1989-இன் பதிப்பில்தான் அதுவும் நீங்கியது. மார்ட்டின் பூபர் 1923-இல் எழுதிய புகழ்பெற்ற தத்துவ நூலுக்கும் இதே விதி. ஜெர்மனில் அதன் தலைப்பு ‘நானும் நீயும்’ என்பதுபோல் வீட்டுக்குள் ஒலிக்கும். 1937-இன் ஆங்கில மொழிபெயர்ப்பு ‘தௌ’ போட்டது; இலக்கணப்படி மிகச் சரி, காதுக்கு ஒரே பிரசங்கம். 1970-இல் அதை மீண்டும் மொழிபெயர்த்த வால்டர் காஃப்மன், ‘தௌ’ பூபரின் நெருக்கத்தைக் கொன்றுவிடுகிறது என்று வாதிட்டு நூலுக்குள் ‘யூ’வைக் கொண்டுவந்தார். அட்டையில் பழைய தலைப்பு அப்படியே நின்றது.

தமிழில் ஷேக்ஸ்பியரைச் செய்கிறவர்களுக்கு இதில் ஒரு நேரடி வேலை இருக்கிறது. பழைய சொல் என்பதற்காக ‘தௌ’ வரும் இடமெல்லாம் ‘தாங்கள்’, ‘தங்கள்’ என்று அடுக்கினால் கென்ட்டின் துணிவும் ஹாம்லெட்டின் குளிரும் போய்விடும். மூலத்தைப் பக்கத்தில் வைத்து, எங்கே ‘தௌ’, எங்கே ‘யூ’ என்று கோடிட்டு, ‘நீ’, ‘நீர்’, ‘நீங்கள்’ மூன்றையும் அதற்கேற்ப இறக்க வேண்டும். தாயிடம் ஹாம்லெட் ‘நீங்கள்’ என்று திரும்புவதை இன்றைய லண்டன் நடிகர் குரலாலும் முகத்தாலும்தான் உணர்த்தியாக வேண்டும். மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ மேடையேறுபவருக்கு அந்த ஒரு சொல் போதும்.